ரோஜாப் பலகை: 22 இதழ்களில் ஒரு பெயரைக் கோடாக்கிய பதிவு

30 செ.மீ. சதுரமும் 6 மி.மீ. கனமும் உள்ள பிர்ச் பிளைவுட் பலகையில் 22 இதழ் கொண்ட ரோஜா ஒன்றை வரைந்து, ஒவ்வோர் இதழிலும் ஓர் எபிரேய எழுத்தைத் தீட்டி, அதன்மேல் தேவதூதர்களின் பெயர்களைக் கோடுகளாக இழுத்துப் பார்ப்பதுதான் சென்ற ஆண்டு அக்டோபரில் நான் எடுத்துக்கொண்ட வேலை. லண்டனில் படச்சட்டம் செய்யும் தொழிலில் இருப்பதால் பலகைக்கும் வண்ணத்துக்கும் எனக்குக் குறைவில்லை. மாலை நேரத்தில் சிறிதளவு சடங்குப் பயிற்சியும் உண்டு. ஆகவே இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். வேலை ஜனவரி வரை இழுத்தது. மரத்தையோ தூரிகையையோ குறை சொல்வதற்கில்லை. கையில் எடுத்திருப்பது ஓர் அட்டவணை என்பதை மறந்து, அதை அழகான பூவாக மட்டும் பார்த்துத் தொடங்கியது என் பிழை.

இந்த ரோஜா எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் 1888-இல் வில்லியம் வின் வெஸ்ட்காட், மெக்ரிகர் மேதர்ஸ், வில்லியம் ராபர்ட் உட்மன் ஆகிய மூவரும் தொடங்கிய கோல்டன் டான் என்னும் மறைஞானச் சங்கத்தில், உள்வட்டத்திற்குள் அனுமதிக்கப்பட்டவர்கள் ரோஜாச் சிலுவைப் பதக்கம் ஒன்றைத் தம் கைப்படச் செய்து, தீட்டி, சடங்கின்போது மார்பில் அணிந்தார்கள். மேதர்ஸின் மனைவி மோயினா, லண்டன் ஸ்லேடு ஓவியப் பள்ளியில் பயின்றவர். தத்துவ அறிஞர் ஆன்றி பெர்க்சனின் தங்கை. 1890-இல் சேர்ந்த கவிஞர் யேட்ஸும் உள்வட்டம் வரை சென்றவர்தான். ஓவியம் பழகியவர்களுக்கும் பழகாதவர்களுக்கும் ஒரே பாடம் என்பதால், வண்ணக் கலவையைப் பற்றிய குறிப்புகள் அந்தச் சங்கத்தின் ஏடுகளில் ஏராளமாக உண்டு. அவற்றை இஸ்ரேல் ரெகார்டி 1937 முதல் 1940 வரை நான்கு தொகுதிகளாக அச்சிட்ட பிறகே வெளியாருக்கு இந்த முறை பரவலாகத் தெரிய வந்தது.

பதக்கத்தின் முழு வடிவம் நெரிசலானது. ரோஜாவைத் தாங்கும் சிலுவை, அதன் கைகளில் நான்கு பூதங்களின் நிறங்கள், ஐங்கோண நட்சத்திரங்கள், உப்பு, கந்தகம், பாதரசம் ஆகியவற்றுக்கான இரசவாதக் குறிகள் என்று ஓர் அங்குலமும் சும்மா இருக்காது. பெயரைக் கோடாக்குவதற்கு ரோஜா மட்டும் போதும் என்பதால் சிலுவையை விட்டுவிட்டேன். அணிவதற்கு இல்லாமல், மேசையில் வைத்து வேலை செய்வதற்கான பலகை என்பதால் அளவையும் பெரிதாக வைத்துக்கொண்டேன்.

ரோஜாவின் அமைப்பு ஒரு பழைய பகுப்பைப் பின்பற்றுகிறது. யூத மறைஞான மரபாகிய கபாலாவின் மிகப் பழைய நூல்களுள் ஒன்றாகிய செஃபெர் யெட்சிரா, எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளை 3, 7, 12 என்று பிரிக்கிறது. ஆலெப், மேம், ஷின் ஆகிய மூன்றும் தாய் எழுத்துகள். காற்றும் நீரும் நெருப்பும் அவற்றின் பங்கு. பேத், கிமெல், டாலெத், காஃப், பே, ரேஷ், தாவ் ஆகிய ஏழும் வன்மையும் மென்மையுமாக ஈரொலி கொண்ட இரட்டை எழுத்துகள். ஏழு கோள்கள் அவற்றுக்குரியவை. எஞ்சிய 12 ஒற்றை எழுத்துகளுக்கு 12 ராசிகள். ரோஜாவில் உள்வளையத்தில் 3 இதழ், நடுவளையத்தில் 7, வெளிவளையத்தில் 12. தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் இந்த எழுத்துப் பெயர்களை முன்பே பார்த்திருப்பார்கள்: 119ஆம் சங்கீதம் எட்டெட்டு வசனங்களாக 22 பகுதிகளாய்ப் பிரிந்து, ஒவ்வொரு பகுதியின் தலையிலும் ஓர் எழுத்தின் பெயரைத் தாங்கி நிற்கும்.

பலகைக்கு ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சு மூன்று முறை கொடுத்து, ஒவ்வொன்றும் காய்ந்த பின் 240 எண் உப்புத்தாளால் தேய்த்தேன். பின்புறத்திற்கும் ஒரு பூச்சு கட்டாயம். முன்புறம் மட்டும் பூசினால் நவம்பர் ஈரத்தில் பிளைவுட் வளைந்துவிடும். பிறகு கவராயம். வெளிவளையத்தை 12 ஆகப் பிரிப்பது பள்ளிப் பாடம்: ஆரத்தின் அளவையே கவராயத்தில் வைத்துச் சுற்றினால் ஆறு, அதைப் பாதியாக்கினால் பன்னிரண்டு. உள்வளையத்தின் மூன்று அதைவிட எளிது. நடுவளையத்தின் ஏழுதான் வம்பு, ஏனெனில் வட்டத்தைக் கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு ஏழு சமபாகமாகத் துல்லியமாகப் பிரிக்க முடியாது. 360-ஐ ஏழால் வகுத்தால் 51.43 பாகை, என் கோணமானியில் அரைப் பாகைக்கு மேல் நுணுக்கம் இல்லை. இதற்குத் தச்சர்களிடம் ஒரு குறுக்குவழி உண்டு. வட்டத்துக்குள் சமபக்க முக்கோணம் ஒன்றை வரைந்து, அதன் பக்கத்தில் பாதியைக் கவராயத்தில் எடுத்துச் சுற்றினால் ஏறக்குறைய ஏழு பாகம் வந்துவிடும். என் நடுவட்டத்தின் ஆரம் 80 மி.மீ. முக்கோணப் பக்கத்தின் பாதி 69.28 மி.மீ.; உண்மையில் வேண்டியது 69.42. ஏழு முறை சுற்றி வந்தபோது தொடங்கிய புள்ளிக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னதாகவே கவராயம் நின்றது. அந்த ஒரு மில்லிமீட்டரை ஏழு இதழ்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தேன். கண்ணுக்குத் தெரியவில்லை.

அடுத்தது வண்ணம். கோல்டன் டான் முறையில், கபாலாவின் மர வரைபடத்தில் செஃபிரோத் எனப்படும் பத்து வட்டங்களும் அவற்றை இணைக்கும் 22 எழுத்துப் பாதைகளுமாக 32 இடங்களுக்கும் நான்கு நிற வரிசைகள் இருக்கின்றன. ஆக 128 நிறம். ரோஜாவின் இதழ்களுக்கு அவற்றுள் முதல் வரிசை, அரசன் வரிசை எனப்படுவது, பயன்படுகிறது. பட்டியலைப் பார்த்து மலைத்துப்போய் 22 நிறத்துக்கு 22 டப்பா வாங்கி வைத்தேன். அது வீண் செலவு. வெளிவளையத்தின் 12 இதழ்கள் சிவப்பில் தொடங்கி, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று வண்ணச் சக்கரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கருஞ்சிவப்பில் முடிகின்றன. நடுவளையத்தின் ஏழும் வானவில்லின் ஏழு நிறம். உள்வளையத்தின் மூன்றும் மஞ்சள், நீலம், சிவப்பு. உள்ளே இருக்கும் பத்தும் வெளியே இருக்கும் பன்னிரண்டுக்குள் அடக்கம் என்பதால் மொத்தமே 12 டப்பா போதும்.

எழுத்துகளுக்கும் தனி நிறம் வேண்டியதில்லை என்பது இதைவிட நயமானது. ஒவ்வோர் எழுத்தும் தன் இதழின் எதிர்நிறத்தில் தீட்டப்பட வேண்டும் என்பது விதி: சிவப்பு இதழில் பச்சை எழுத்து, நீலத்தில் செம்மஞ்சள், மஞ்சளில் ஊதா. வெளிவளையத்தில் இந்த எதிர்நிறம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அந்த இதழுக்கு நேர் எதிரே இருக்கும் இதழில்தான். ஹே என்னும் எழுத்து மேஷம், சிவப்பு. அதற்கு எதிரே லாமெத் துலாம், பச்சை. வாவ் ரிஷபம், எதிரே நூன் விருச்சிகம். தேத் சிம்மம், மஞ்சள். எதிரே த்ஸாதே கும்பம், ஊதா. ஜாதகக் கட்டம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஏழாம் பார்வை. ஒவ்வோர் இதழும் தன் ஏழாம் இடத்தின் நிறத்தை எழுத்தாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டுகொண்ட மாலை, தூரிகையைக் கீழே வைத்துவிட்டுப் பலகையைச் சிறிது நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. த்ஸாதேயின் ஊதாவுக்கு, பட்டியல் சொன்ன அதே ஸ்கார்லெட் சிவப்பையும் அல்ட்ராமரின் நீலத்தையும் கலந்தேன். கிடைத்தது கத்தரிப்பூ நிறமாக இல்லாமல் வாடிய கத்தரிக்காயின் நிறமாக இருந்தது. ஸ்கார்லெட்டுக்குள் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. மஞ்சளும் சிவப்பும் நீலமும் மூன்றும் சந்தித்தால் சேறுதான். இளஞ்சிவப்புச் சாயல் உள்ள க்வினாக்ரிடோன் ரோஸ் ஒரு குப்பி வாங்கிக் கலந்த பிறகே தெளிவான ஊதா வந்தது. முதன்மை நிறம் மூன்று என்று ஏட்டில் படித்தாலும், கடைக்குப் போகும்போது சிவப்பை இரண்டு வகையாக வாங்குங்கள்.

இரண்டாவது பிழை முழுக்க என் ஊர்ப் பழக்கத்தால் வந்தது. நடுவளையத்தைத் தீட்டும்போது, நிறப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, எழுத்துக்கு நேரே கோள்களின் பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தேன். பேத், புதன். கை தானாகப் பச்சை டப்பாவை எடுத்துவிட்டது. நவக்கிரகச் சந்நிதியில் புதனுக்குப் பச்சைத் துணி சாத்துவதைச் சிறு வயதிலிருந்து பார்த்த கை அது. காஃப் குருவுக்குரியது; அதற்கு மஞ்சளைத் திறந்தபோதுதான் ஏதோ தவறு என்று உறைத்தது. கோல்டன் டான் வரிசையில் புதனுக்கு மஞ்சள், சுக்கிரனுக்குப் பச்சை, சந்திரனுக்கு நீலம், சனிக்கு அவுரி நீலம், குருவுக்கு ஊதா. செவ்வாய்க்குச் சிவப்பு என்பதில் இரண்டு மரபும் கைகோக்கின்றன. எந்த எழுத்துக்கு எந்தக் கோள் என்பதே செஃபெர் யெட்சிராவின் பழைய படிகளில் வேறு வேறாக இருக்க, இந்த லண்டன் சங்கத்தார் தங்களுக்கென்று ஒரு வரிசையை வைத்துக்கொண்டார்கள். ஆகவே எது இயற்கையான நிறம் என்ற வாதத்துக்கு இங்கே இடமே இல்லை. வானவில் வரிசை உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றே சோதனை: பே சிவப்பு, ரேஷ் செம்மஞ்சள், பேத் மஞ்சள், டாலெத் பச்சை, கிமெல் நீலம், தாவ் அவுரி, காஃப் ஊதா. என் பலகையில் செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் பச்சை நின்றது. பச்சையின்மேல் மஞ்சளை நேரடியாகப் பூசினால் கீழே இருப்பது தெரியும், ஏனெனில் மஞ்சளுக்கு மூடும் சக்தி குறைவு. ஜெஸ்ஸோ இரண்டு பூச்சு கொடுத்து வெள்ளையாக்கி, மறுபடி தொடங்கினேன்.

நம் பக்கத்துத் தொடர்பு பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சங்கத்தார் இந்தியாவிலிருந்தும் ஐம்பூத வடிவங்களை எடுத்துக்கொண்டு, தத்துவம் என்ற பெயரிலேயே, எதிர்நிறப் பயிற்சி அட்டைகளாகப் பயன்படுத்தினார்கள்: நிலம் மஞ்சள் சதுரம், நீர் வெள்ளிப் பிறை, தீ சிவப்பு முக்கோணம், காற்று நீல வட்டம், வெளி கருநீல முட்டை. சைவ சித்தாந்தம் படித்தவர்கள் முதல் மூன்றையும் உடனே அடையாளம் காண்பார்கள். ஆனால் அங்கே காற்றுக்கு அறுகோணம், வெளிக்கு வட்டம். லண்டன் அட்டைகளில் அறுகோணம் இல்லை.

இனி எழுத்துகள். கணினியில் அச்சிட்ட எழுத்துகளைத் தாளின் பின்புறம் பென்சில் தடவிப் பலகையில் பதித்து, அக்ரிலிக்கையே கொஞ்சம் நீர்விட்டு இளக்கித் தீட்டினேன். ஹே என்னும் எழுத்துக்கு மேலே ஒரு கூரை, வலப்புறம் ஒரு கால், இடப்புறம் ஒரு குட்டைக் கால். அந்த இடக்கால் கூரையைத் தொடாமல் சிறு இடைவெளிவிட்டு நிற்கும். அந்த இடைவெளி மூடிவிட்டால் அது ஹேத் என்னும் வேறு எழுத்து. என் எழுத்து 22 மி.மீ. உயரம், இடைவெளி 2 மி.மீ.கூட இல்லை. அக்ரிலிக் ஓரத்தில் தடித்து வழிந்து அந்த வாசலை அடைத்துவிட்டது. காலையில் பார்த்தால் பலகையில் ஹேத் இரண்டு இருக்கிறது, ஹே எங்கும் இல்லை. டாலெத்துக்கும் ரேஷுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் மெல்லியது: டாலெத்தின் வலது மேல்மூலை கூர்மையாகச் சிறிது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ரேஷில் அதே மூலை உருண்டிருக்கும். என் டாலெத்தின் மூலையும் உருண்டுவிட்டது.

யூதர்களின் தோரா சுருளில் உபாகமம் 6:4-இல், ‘கர்த்தர் ஒருவரே’ என்பதன் கடைசி எழுத்தாகிய டாலெத் வழக்கத்தைவிடப் பெரிதாக எழுதப்படுகிறது. அதை ரேஷ் என்று வாசித்துவிட்டால் ‘ஒருவர்’ என்பது ‘வேறொருவர்’ என்று ஆகிவிடும் என்பது அதற்கு மரபாகச் சொல்லப்படும் விளக்கம். ஒரு மூலை உருண்டால் ஒரு மதமே புரண்டுவிடும் என்று அஞ்சியவர்களின் எழுத்தைத்தான் நான் மாலை நேரப் பொழுதுபோக்காகத் தீட்டிக்கொண்டிருந்தேன். இதை நினைத்தபின், அவசரமாகத் தீட்டுவதை நிறுத்தினேன்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாக எழுதுவது நல்லது. நான் செய்வது யூதர்களின் கபாலா இல்லை. தோராவையும் கட்டளைகளையும் பற்றிக்கொண்டு வளர்ந்த அந்த மரபின் எழுத்துகளையும் மர வரைபடத்தையும் 1486-இல் பீக்கோ தெல்லா மிராந்தோலா போன்ற கிறித்தவ அறிஞர்கள் எடுத்தாண்டார்கள். 1517-இல் ஜெர்மனியின் ரொய்க்லின் அதை விரித்தெழுதினார். 17ஆம் நூற்றாண்டில் ரோஜாச் சிலுவைக் கழகத்தாரின் அறிக்கைகளும் கிர்ஷரின் வரைபடங்களும் அதில் கலந்தன. அந்தக் கலவையை லண்டன் சங்கத்தார் சடங்காக்கினார்கள். ஆகவே என் பலகையில் இறைவனின் நான்கெழுத்துத் திருப்பெயரை எங்கும் எழுதவில்லை. எழுதிய திருப்பெயரை அழிக்கக் கூடாது, தேய்ந்துபோன ஏட்டையும் கெனிசா என்னும் அறையில் சேர்த்துவைத்துப் புதைக்க வேண்டும் என்று நடப்பவர்கள் இருக்கும்போது, ஜெஸ்ஸோ பூசி நான் நான்கு முறை அழித்து எழுதும் பலகையில் அதற்கு இடமில்லை.

ஹே, டாலெத் இரண்டையும் சரிசெய்ய, அக்ரிலிக்கை விட்டு, நீரில் கரையும் ஒளி புகாத வண்ணமாகிய குவாஷுக்கு மாறினேன். குவாஷ் தட்டையாகக் காயும், ஓரத்தில் மேடு கட்டாது, தவறினால் ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம். முதல் எண் தூரிகையின் நுனியால், ஹேயின் இடைவெளியை முதலில் இதழின் சிவப்பால் திறந்து, பிறகு காலை மட்டும் பச்சையால் இறக்கினேன். எல்லா எழுத்துகளையும் குவாஷிலேயே மறுபடி எழுதி முடிக்க ஒன்பது மாலை ஆயிற்று. மேலே வார்னிஷைத் தூரிகையால் பூசாதீர்கள். குவாஷ் கரைந்து இழுபடும். தெளிப்பான் வகையை, கை நீட்டும் தூரத்திலிருந்து, மூன்று மெல்லிய படலமாக அடித்தேன்.

எதிர்நிறங்கள் மினுங்கும் என்று அந்த ஏடுகள் சொல்வது உண்மையா என்று பார்த்தேன். ஹே இதழில், சிவப்பின்மேல் பச்சை எழுத்து, உற்றுப் பார்த்த சில நொடிகளில் ஓரம் அதிர்வதுபோல் தோன்றியது. தேத் இதழில், மஞ்சளின்மேல் ஊதா, கல்லில் வெட்டியதுபோல் அசையாமல் நின்றது. இரண்டும் எதிர்நிறம்தான், வேறுபாடு ஏன்? பலகையைக் கைபேசியில் படம் எடுத்து, நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கினேன். ஹே மறைந்துவிட்டது: அந்தச் சிவப்பும் அந்தப் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. தேத் மட்டும் துலக்கமாக இருந்தது. நிறம் எதிராகவும் வெளிச்சம் சமமாகவும் இருக்கும்போதுதான் ஓரம் அதிர்கிறது. அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக்காட்டும் இந்தக் கண்ணின் இயல்பை 1839-லேயே ஷெவ்ரல் என்னும் பிரெஞ்சு வேதியியலர் விரிவாக எழுதிவிட்டார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு செம்மஞ்சள் இதழ்களின் நீல எழுத்துக்குச் சிறிது வெள்ளை கலந்து வெளிச்சத்தை உயர்த்தினேன். அவையும் மினுங்கத் தொடங்கின. மஞ்சளுக்கு மட்டும் வழியில்லை. ஊதாவை அந்த அளவுக்கு வெளுக்கவைத்தால் அது ஊதாவாக இருக்காது.

இனி பலகையின் உண்மையான வேலை. பெயரை எபிரேயத்தில் எழுதி, முதல் எழுத்தின் இதழில் ஒரு சிறு வட்டமிட்டு, அங்கிருந்து அடுத்தடுத்த எழுத்துகளுக்கு நேர்கோடு இழுத்துச் செல்ல வேண்டும். ஒரே எழுத்து அடுத்தடுத்து இருமுறை வந்தால் கோட்டில் ஒரு நெளிவு; போகிற வழியிலேயே இருக்கும் எழுத்தும் பெயரில் உண்டு என்றால் அங்கே ஒரு சுருக்கு. முடிவில் குறுக்கே ஒரு சிறு கோடு. பலகைமேல் வைத்து வரைந்த தாளை எடுத்துவிட்டால் ரோஜா போய்விடும், கோடு மட்டும் நிற்கும். நம் எந்திரத் தகட்டில் எழுத்துகள் தத்தம் கட்டத்தில் அமர்ந்தே இருக்கும். இங்கே எழுத்துகள் வெறும் மேடை. பலகையில் நேரடியாகப் பென்சில் பிடிக்காமல், மேலே டிரேசிங் தாள் வைத்து இழுத்தேன்.

இதில் தமிழ் எழுத்தை நம்பிப் போனால் பள்ளத்தில் விழுவோம். வேதாகமத் தமிழில் காபிரியேல், மிகாவேல் என்று வரும் இரண்டு பெயரிலும் ஒரே ககரம்தான். எபிரேயத்தில் முதலாவது கிமெல், இரண்டாவது காஃப். கோஃப் என்று மூன்றாவது ககரம் ஒன்றும் இருக்கிறது. பகரத்துக்குப் பேத், பே என்று இரண்டு இதழ். தகரத்துக்கு டாலெத், தேத், தாவ் என்று மூன்று. ஆங்கில எழுத்தை நம்பினாலும் மிகாவேலில் காஃபுக்குப் பதில் ஹேத்தைப் போட்டுவிடுவோம். முதல் தடவை நான் அப்படித்தான் போட்டேன். கோடு நடுவளையத்துக்குப் போக வேண்டிய இடத்தில் வெளிவளையத்துக்கு ஓடிவிட்டது. எபிரேயத்தில் அந்தப் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அதை எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

சடங்கில் நான்கு திசைக்கும் அழைக்கப்படும் நால்வரின் பெயரையும் எடுத்துக்கொண்டேன். கிழக்கில் ரபாயேல்: ரேஷ், பே, ஆலெப், லாமெத். ரேஷும் பேயும் அடுத்தடுத்த இதழ்கள் என்பதால் முதலில் ஒரு குட்டைக் கோடு, பிறகு உள்ளே ஒரு பாய்ச்சல், கடைசியில் வெளியே ஒரு நீளக் கோடு. தெற்கில் மிகாவேல்: மேம், யோத், காஃப், ஆலெப், லாமெத். மேற்கில் காபிரியேல்: கிமெல், பேத், ரேஷ், யோத், ஆலெப், லாமெத். வடக்கில் ஊரியேல்: ஆலெப், வாவ், ரேஷ், யோத், ஆலெப், லாமெத். நான்கு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் கவனித்தேன்: நான்கின் கடைசிக் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாக நின்றது. ஆலெப்பிலிருந்து லாமெத்துக்கு, அதாவது ஏல், இறைவன். காபிரியேலும் ஊரியேலும் ரேஷிலிருந்தே ஒன்றாகிவிடுகிறார்கள். யோத்தும் லாமெத்தும் அடுத்தடுத்த இதழ்கள் என்பதால் இருவருக்கும் ஆலெப்பை முனையாகக் கொண்ட ஒடுங்கிய ஆப்பு ஒன்று முடிவாக அமைகிறது. பெயரைக் காதால் கேட்கும்போது ‘ஏல்’ என்பது ஓர் ஈறு; பலகையில் அது நால்வரும் வெளியேறும் ஒரே வாசல். இந்த ஒன்றைக் காண்பதற்காகவே மூன்று மாத வேலை செய்யலாம் என்பது என் கருத்து.

ஒவ்வொரு கோட்டையும் தடித்த அட்டைக்கு மாற்றி, அந்தந்தத் திசையின் நிறமும் எதிர்நிறமுமாகத் தீட்டி, வாரத்துக்கு ஒன்றாக நான்கு வாரம் மாலைச் சடங்கில் வைத்துக்கொண்டேன். அட்டையைப் பார்த்து, பெயரை நீட்டி ஒலித்து, அதே கோட்டை விரலால் காற்றில் வரைவது பயிற்சி. அற்புதம் ஏதும் நடந்ததாக நான் சொல்லப்போவதில்லை. மூன்றாம் நாளில் அட்டை தேவைப்படவில்லை. கண்ணை மூடினால் கோடு தெரிந்தது, கோட்டைத் தொடர்ந்தால் எழுத்துகள் வந்தன, எழுத்துகளோடு நிறமும் வந்தது. மனம் வேறெங்கும் ஓடாமல் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் நின்றது. வேறு வழிகளில் பல ஆண்டு முயன்றும் எனக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் வாய்த்ததில்லை. மெழுகுவர்த்தி ஒளியில் பலகையைப் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை: அந்த மஞ்சள் ஒளியில் மஞ்சள் இதழ்கள் வெள்ளையாகத் தெரியும், ஊதாவும் அவுரியும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். தாவையும் காஃபையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க எழுத்தைப் பாருங்கள், நிறத்தை நம்பாதீர்கள்.

குவாஷில் எழுதத் தொடங்கும்போதே, தீட்டிய ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பட்டையை ஓர் அட்டையில் பூசி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடித் தெற்குச் சன்னலில் ஒட்டியிருந்தேன். வாடிக்கையாளர் படங்களுக்குச் செய்கிற வழக்கம் அது. ஜூனில் அதைப் பிரித்தபோது பதினொன்று அப்படியே இருந்தன. எழுத்துக்கு வாங்கிய குவாஷ் கருஞ்சிவப்பு மட்டும், மூடாத பாதியில், நனைத்த செங்கல்தூள்போல் வெளுத்திருந்தது. பளீரென்ற இளஞ்சிவப்புக் குப்பிகளில் இந்த வஞ்சகம் அடிக்கடி உண்டு. பலகையில் அந்த நிறத்தில் இருக்கும் எழுத்து யோத் ஒன்றே: மஞ்சள்பச்சை இதழில், எல்லா எழுத்திலும் சிறியது, ஒரு கொக்கி அளவு. மிகாவேலும் காபிரியேலும் ஊரியேலும் அதைத் தொட்டுத்தான் போகிறார்கள். வார்னிஷை அந்த இதழில் மட்டும் மெல்லத் தேய்த்தெடுத்து, பழைய யோத்தை ஈரப் பஞ்சால் துடைத்து, க்வினாக்ரிடோனை மிக நீர்க்கக் கலந்து இரண்டு முறை எழுதினேன். காய்ந்ததும் மிகாவேலின் டிரேசிங் தாளை வைத்துப் பார்த்தேன். கோடு யோத்தின் நடுவிலேயே திரும்பியது. பலகையைச் சன்னலுக்கு எதிர்ச்சுவரிலிருந்து எடுத்து, வெயில் எட்டாத அலமாரிப் பக்கம் மாட்டிவிட்டேன்.